அத்தை மகனின் பள்ளிச் சட்டை

போன வருஷம், மலேசியாவில் ஈப்போ பக்கத்து லகாட்டைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் கோயில் திருவிழாவில் நடந்தது இது. என் கணவர் பிறந்த தோட்டம். இப்போது அங்கே பேருக்குக்கூட ஒரு ரப்பர் மரம் இல்லை, எல்லாம் எண்ணெய்க்குப் போட்ட செம்பனை. கோயில் மட்டும் நிற்கிறது. திருவிழா அன்று ஒரு நாள், எங்கெங்கோ போய்விட்டவர்களெல்லாம் காரைப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவார்கள்.

எனக்கு இரண்டு பையன்கள். பெரியவனுக்கு அப்போது எட்டு வயது, சின்னவனுக்கு ஆறு. பெரியவன் முதலாம் ஆண்டில் பாதி நாளை ஆஸ்துமாவோடு ஆஸ்பத்திரியில்தான் கழித்தான். அதனால் முறைப்படி எழுதிக் கேட்டு, அனுமதிக் கடிதம் வாங்கி, ஈப்போவில் எங்கள் வீட்டிலேயே வைத்து நான்தான் படித்துக் கொடுக்கிறேன். நான் ஒன்றும் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை, பள்ளிக்கூடத்து ஐந்தாம் படிவத்தோடு சரி. அவனுக்கு நாளைக்குச் சொல்ல வேண்டியதை இன்றைக்கு உட்கார்ந்து நான் படிப்பேன்.

ஊர் வாயைக் கேட்க வேண்டுமே! ரொட்டி சானாய் கடை அண்ணன் தினமும் ஒரே கேள்விதான் கேட்பார்: "என்னக்கா, பையனுக்கு இன்னைக்கும் லீவா?" மீன் விற்கும் அக்கா ஒரு படி மேலே. "பிள்ளைய வீட்டுலயே வச்சிருந்தா பிராய்லர் கோழி மாதிரி ஆயிடும்லா!" அன்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இப்படிப்பட்ட பேச்சையெல்லாம் நான் மனசுக்குள் சேர்த்து வைத்திருக்கிறேன். சொல்வது என்னைப் பற்றியே இருந்தாலும், நன்றாகச் சொன்னால் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தத் தோட்டத்துக் கோயில் செயலாளர் போன வருஷம் சொன்னது அந்த வகை இல்லை.

திருவிழாவில் ஒன்பது வயது நிரம்பாதவர்களுக்குக் கதை சொல்லும் போட்டி என்று அறிவிப்பு வந்தது. பெரியவன் துள்ளிக் குதித்தான். அவனிடம் கதை தயாராக இருந்தது. எங்கள் வீட்டுப் பின்பக்கம் பெரிய சாக்கடைக் கால்வாயில் ஒரு உடும்பு வரும். பக்கத்து வீட்டுச் சீனத்து ஆன்ட்டி வீசும் மீன் தலைக்காகக் காலை பத்து மணி வாக்கில் தலையைத் தூக்கும். இரண்டு மாதமாக அதைப் பார்த்து, படம் வரைந்து, கால்வாய்ச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு நீளம் அளந்து, நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருந்தான். எழுத்து, கணக்கு, அறிவியல் எல்லாம் அந்த உடும்பிடம்தான் கற்றான் என்று சொல்லலாம். அதையே கதையாக்கிச் சொல்லிச் சொல்லிப் பழகினான். சின்னவன்தான் உடும்பு. நாக்கை நீட்டிக்கொண்டு வீடு முழுக்கத் தவழ்வான்.

போட்டிக்கான விண்ணப்பப் பாரத்தில் 'பள்ளி' என்று ஒரு கட்டம் இருந்தது. பள்ளிச் சீருடையில் வர வேண்டும் என்றும் போட்டிருந்தார்கள். செயலாளருக்குப் போன் போட்டேன்.

"வீட்டுல படிக்கிறானா? அப்ப அந்தக் கட்டத்துல என்னம்மா எழுதுவ?"

"அனுமதிக் கடிதம் இருக்கு அண்ணே. பிறப்புப் பத்திரம் வேணும்னாலும் கொண்டாரேன்."

"அதெல்லாம் வேணாம்லா. பள்ளிக்கூடம் போற பிள்ளைங்களுக்குத்தான் போட்டி. சும்மா வீட்டுல இருக்குற பிள்ளைய மேடை ஏத்த முடியாது."

சும்மா வீட்டில் இருக்கிற பிள்ளையாம்! யார் வீட்டுப் பிள்ளை என்றுகூட அந்த மனுஷன் கேட்கவில்லை. அவன் தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டி எடுத்த தோட்டம் அது. அந்தக் கோயிலுக்கு எங்கள் குடும்பம் மண் சுமந்திருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை ஐந்து நிமிஷம் கதை சொல்ல, ஒரு கட்டம் காலியாக இருப்பதா குறுக்கே நிற்கும்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வார இறுதியில், தஞ்சோங் மாலிமில் வேலை பார்க்கும் கணவர் வீடு வந்ததும் கொட்டித் தீர்த்தேன்.

"விட்டுத் தள்ளு. கதைய நம்ம வீட்டுலயே சொல்லட்டும்," என்றார் அவர்.

நான் விடுவேனா? என் நாத்தனாரிடம் புலம்பினேன். அவள் மகனுக்கு ஒன்பது வயது. "எம்மவன் யூனிபோர்ம் இருக்கு அண்ணி, அதப் போட்டுக் கூட்டியாங்க. நானே பேரு குடுத்துடுறேன், அவன் பள்ளிக்கூடத்தயே எழுதிடலாம். யாரு பாக்கப் போறா?" என்றாள்.

பிளேடை எடுத்து அந்தச் சட்டையில் தைத்திருந்த பெயர்ப் பட்டையைப் பிரித்தேன். பள்ளிச் சின்னத்தை அப்படியே விட்டேன். நன்றாக இஸ்திரி போட்டேன். "கேட்டா அத்தை மகன் பள்ளிக்கூடத்துப் பேரைச் சொல்லிடு, என்ன?" என்று பெரியவனுக்குச் சொல்லியும் கொடுத்தேன். அவன் ஊசித் துளைகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

மேடையில் அவன் முறை வந்தது. நடுவராக வந்திருந்த ஆசிரியை நல்லவர். பிள்ளை பயப்படுகிறான் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே கேட்டார்.

"எந்த வகுப்பு ஐயா? யாரு உங்க டீச்சர்?"

அவன் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தான். பிறகு ஒலிவாங்கியில் தெளிவாகச் சொன்னான்: "எங்கம்மாதான் டீச்சர். நான் வீட்டுல படிக்கிறேன். இது எங்க அத்தை மகன் சட்டை."

கொல்லென்று சிரிப்பு. செயலாளர் மேடை ஏறி ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். "பாத்தீங்களா? அம்மாவே பொய் சொல்லிக் குடுத்தா, பிள்ளை என்னத்தலா படிக்கும்?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். "கட்டம் போட்டுப் பிள்ளைய வெளிய நிறுத்துனது நீங்க அண்ணே!" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். கணவர் கையைப் பிடித்து இழுத்தார். அந்த அமளிக்கு நடுவில் பெரியவன் நடுவரைப் பார்த்து, "டீச்சர், நான் கதை சொல்லவா, வேணாமா?" என்று கேட்டான். அவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தலையை ஆட்டி மறுத்தார். பையன் இறங்கி வந்தான். உடும்பு அவன் வாய்க்குள்ளேயே இருந்துவிட்டது.

காரில் ஏறியதும் அந்தச் சட்டையைக் கழற்றி, நான் கற்றுக்கொடுத்த மாதிரியே நாலாக மடித்து என் மடியில் வைத்தான்.

"அம்மா, வீட்டுல படிக்கிறது தப்பு இல்லன்னு சொன்னீங்கதானே? அப்புறம் ஏன் மறைச்சோம்?"

 ஈப்போ வரும் வரை மடியிலிருந்த சட்டையை நீவிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் கார் நின்ற பிறகுதான், "நான் செஞ்சதுதான் தப்புய்யா," என்று சொல்ல முடிந்தது.

செயலாளர் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்றுவரை ஒரு சொட்டும் குறையவில்லை. குறைக்கும் எண்ணமும் இல்லை. ஒரு பிள்ளையின் கதையைவிட ஒரு கட்டத்தைப் பெரிதாக நினைக்கிறவர்களைக் கோயிலிலும் விட்டுவைக்கக் கூடாது. ஆனால் அவர் என் மகனை மேடையிலிருந்துதான் இறக்கினார். வெட்கப்பட வேண்டிய ஒன்றைப் போல அவனை இரவல் சட்டைக்குள் ஒளித்து வைத்தது நான்.

இந்த வருஷத்துப் பாரம் போன வாரம் வந்தது. பெரியவனுக்கு ஒன்பது ஆகிவிட்டது, வயது தாண்டிவிட்டான். கதை இப்போது சின்னவனுக்குப் போயிருக்கிறது; அவனும் அண்ணனோடு வீட்டில்தான் படிக்கிறான். பள்ளி என்ற கட்டத்தில் பெரியவன் தன் கையாலேயே, தம்பிக்காக, 'எங்கள் வீடு' என்று எழுதினான். சின்னவன் என்ன உடுத்திக்கொண்டு போவான் என்று கேட்டேன். "அவனோட சட்டைதான்," என்றான் பெரியவன். ஏற்றுக்கொள்வார்களோ மாட்டார்களோ, தெரியாது. இந்த முறை சண்டை போட நேர்ந்தால், என் பிள்ளையின் சொந்தச் சட்டையின் பக்கம் நின்று போடுவேன் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.