கண்மண் தெரியாத அடி

கோபம் வந்தால் மனிதனுக்குக் கண் தெரியாமல் போகும் என்கிறார்களே, அது மெய்தானா? எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. தெரிந்தாக வேண்டிய நிலை இப்போது வந்திருக்கிறது.

அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். எங்கள் ஊர் பூதப்பாண்டிக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில். அறுப்பின் பண்டிகைக்கு முதல் விளைச்சலை எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் கொண்டுபோய் வைப்போம். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். சபை மூப்பராக இருந்த என் பெரியப்பா அந்த வருஷம் செந்துளுவன் வாழைக்குலை ஒன்றைப் பிரசங்க பீடத்துக்கு அருகே சாத்தி வைத்திருந்தார். மணியடிக்கும் முன் போய்ப் பார்த்தால் ஒரு சீப்பைக் காணவில்லை.

பிள்ளைகளாகிய நாங்கள் கோயிலுக்குப் பின்னால் பூவரச நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பழத்தோல்கள் எங்கள் முன்னால் கிடந்தன. என் பக்கத்தில் இருந்தவன் மார்த்தாண்டத்து மர வியாபாரியின் மகன். கோயில் மணி அவன் அப்பா வாங்கித் தந்தது. மீதிப் பாதிப் பழம் அவன் கையில்தான் இருந்தது.

பெரியப்பா புளியங்கம்போடு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அடித்துக்கொண்டே போனார். எனக்குத் தோளில் விழுந்தது. எங்களுக்கு விறகு கொண்டுவருகிறவளின் மகள், காணிக்கைக் கோழிமுட்டைகளை ஓலைப்பெட்டியில் ஏந்திக்கொண்டு அப்போதுதான் வந்து வரிசைக்குக் கடைசியில் நின்றாள். அவளுக்கும் விழுந்தது, காதோரத்தில். பாவாடையில் ரத்தமும் முட்டையும் ஒழுகின.

அன்று மாலை அவள் தாய் எங்கள் முற்றத்தில் வந்து நின்றாள்.

“கண்ணும் மண்ணும் தெரியாம அடிச்சுப்போட்டாரு. மனசுல வச்சுக்கிடாத, கேட்டியா?” என்றாள் என் அம்மை.

“பிள்ளைக்கு அந்தக் காது கேக்கல்லம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

எனக்கு அந்தப் பெண்ணின் காதைவிடப் பெரியப்பாவின் கண்ணே பெரிய கவலையாகிவிட்டது. எங்கள் வீட்டில் கண் வலித்தால் நந்தியாவட்டைப் பூவை வைத்துக்கொண்டு படுப்பார்கள். மறுநாள் காலையில் பனியோடு பறித்து, மடியில் கட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன்.

“என்னதுட்டி இது?” என்றார்.

“கண்ணுல வைக்கதுக்கு. உங்களுக்குக் கண்ணு தெரியல்லன்னு அம்மை சொன்னா.”

பெரியம்மா குலுங்கிச் சிரித்தாள். “மருத்துவச்சி வந்திருக்கா! காலை நீட்டிப் படுங்க!”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஒரேயடியா தெரியாமப் போவல்ல பெரியம்மா, கொஞ்சம் தெரியும். எனக்கு அடுத்து அந்த மரக்கடைக்காரர் மகன் இருந்தான். கம்பு அவனை மட்டும் தாண்டிப் போச்சே!”

பெரியம்மாவின் சிரிப்பு நின்றது. பெரியப்பா என்னையே பார்த்தார். பிறகு பூக்களை வாங்கி, கட்டிலில் படுத்து, இரண்டு கண்களிலும் வைத்துக்கொண்டார். நெடுநேரம் எடுக்கவே இல்லை. வைத்தியம் பலிக்கிறது என்ற சந்தோஷத்தோடு நான் வீடு திரும்பினேன்.

என் அப்பா இறந்தபின் என்னைப் பள்ளிக்கு அனுப்பிப் படிக்கவைத்தவரும் இதே பெரியப்பாதான். என்மேல் அதன்பின் ஒரு விரல்கூடப் பட்டதில்லை. இப்போது அவருக்கு வயதாகிவிட்டது. பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது, உன் மகனை என்னிடம் விடு, நான் படிக்கவைக்கிறேன் என்று கேட்டிருக்கிறார். மறுத்தால் நன்றி கெட்டவள் ஆவேன். என் கணவரிடம் பழைய கதையைச் சொன்னேன். “அது என்னமோ ஒரு நாளு கண்மண் தெரியாம நடந்துபோச்சு. இன்னும் அதையே நெனச்சுக்கிட்டு இருக்கியா?” என்கிறார்.

கண்மண் தெரியாமல் அடித்தவர் என்றால் அனுப்பிவிடுவேன். கோபம் தணிந்தால் கண் வந்துவிடும். ஆனால் அந்தக் கம்பு தாண்டியதை நான் பார்த்தேன். பூவை வைத்துக்கொண்டு அவர் படுத்ததையும் பார்த்தேன். அங்கே என் பிள்ளை அடிபடுகிறவனாக இருப்பானோ, தாண்டி விடப்படுகிறவனாக இருப்பானோ, எதற்கு அதிகம் பயப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் இப்போதும் ஊரில்தான் இருக்கிறாள். கூப்பிட்டால் மறுகாதைத் திருப்பிக்கொண்டுதான் கேட்கிறாள்.

பிள்ளை பெற்ற சகோதரிகளே, பள்ளி திறக்க அதிக நாள் இல்லை. நீங்களாக இருந்தால் அனுப்புவீர்களா?