பெட்டியில்தான் கோளாறு

முதலில் நான் குறை சொன்னது சபாவின் மைக்செட்காரரை. அடுத்து மிருதங்கக்காரரை. கடைசியில் என் வீட்டு ஸ்பீக்கர்களை. மிருதங்கத்தின் இடது பக்கத்தைத் தொப்பி என்பார்கள். அதிலிருந்து வரவேண்டிய கனத்த 'தொம்' எனக்குக் கேட்பதே இல்லை. வலது பக்கம் மட்டும் யாரோ தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி கேட்டது. "இந்தக் காலத்துப் பசங்க யாருக்கும் தொப்பி வாசிக்கத் தெரியலை" என்று கேன்டீன் வரிசையில் நின்று அடித்துச் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் ஆமோதித்தார்கள். மயிலாப்பூரில் குறை சொல்கிறவனோடு யாரும் சண்டைக்கு வருவதில்லை.

உள்ளுக்குள் எனக்குத் தெரியும். என் அம்மாவுக்கும் ஐம்பதை ஒட்டி இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் அப்பாவின் கட்டைக் குரல் கேட்காமல் போயிற்று. பிறகு எங்கள் எல்லோருடைய குரலும். எனக்கு அப்போது வாயில் வந்ததைப் பேசுகிற வயசு. "உன் காதுல ஈயத்தைக் காய்ச்சியா ஊத்தியிருக்கு?" என்று கத்துவேன். வந்தவர்கள் முன்னால் "செவிடன் காதுல ஊதின சங்கு" என்று சொல்லிச் சிரிப்பேன். அம்மா என் வாயைப் பார்ப்பாள். நான் ஏதோ நல்லதாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துத் தானும் சிரிப்பாள். கல்யாணமாகி வந்த என் மனைவி அதையெல்லாம் சமையலறை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு. கோளாறு ஸ்பீக்கரில் இல்லையென்றால் என் காதில். காதில் இருக்கவே கூடாது. ஆகவே ஸ்பீக்கரில்தான் இருந்தாக வேண்டும். டாக்டரிடம் போகவேண்டியவன் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய், பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றையும் அதை ஓட்ட ஒரு ஆம்ப்ளிஃபயரையும் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினேன். சப்வூஃபர் நானே செய்யப் போகிறேன் என்று அறிவித்தேன்.

"எதுக்கு?" என்றாள் மனைவி.

"தொப்பி கேட்கலை."

"எனக்குக் கேட்கறதே."

"உனக்கு என்ன தெரியும்? உனக்குக் கணக்குதான் தெரியும், காது கிடையாது."

அவள் ஆழ்வார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் குடும்பத்தில் காது என்றால் அது ஒரு பட்டம். சுருதி ஒரு இழை விலகினால் முகம் சுளிக்கிறவனுக்குக் காது உண்டு. மற்றவர்களெல்லாம் சும்மா கேட்கிறவர்கள். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் நான் ஆடின ஆட்டம் கொஞ்சமில்லை.

சப்வூஃபர் என்பது பெரிய மரப்பெட்டிதான். முன்பக்கம் ஸ்பீக்கர். அதற்குப் பக்கத்தில் ஒரு துளை, துளையிலிருந்து பெட்டிக்குள் போகும் ஒரு குழாய். அந்தக் குழாய் வழியாகக் காற்று போய் வருவதில்தான் அடிச் சத்தமே இருக்கிறது. குழாயின் நீளம் மாறினால் சத்தத்தின் குணமும் மாறும். இணையத்தில் சூத்திரம் கிடைத்தது. அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒழுங்காக நோட்டில் எழுதிக் கணக்குப் போட்டாள். நாலு அங்குலக் குழாய், நீளம் பத்து அங்குலம். "இதுக்கு மேலயும் வேண்டாம், கீழயும் வேண்டாம்" என்றாள், பரீட்சைப் பேப்பர் திருத்துகிற குரலில்.

பலகை அறுக்க வேளச்சேரியில் ஒரு பிளைவுட் கடைக்குப் போனேன். அளவுச் சீட்டை வாங்கிப் பார்த்த அறுப்புக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், இம்மாம் பெரிய பொட்டி? உள்ள யார வெச்சி மூடப்போற?"

"பாட்டுப் பொட்டிப்பா."

"பாட்டு கேக்க இவ்ளோ பெருசா வோணுமா? நம்ம காதுக்கு போன் ஸ்பீக்கரே ஜாஸ்தி சார்."

சாதாரண நாளாயிருந்தால் சிரித்திருப்பேன். அன்று சுருக்கென்று தைத்தது. "சீட்டுல இருக்கறபடி அறுங்க, போதும்" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் தலையைக் குனிந்துகொண்டு ரம்பத்தை ஓட்டினார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பால்கனியில் வேலை நடந்தது. பசை தடவி, திருகாணி முடுக்கி, மூலைகளில் காற்று கசியாமல் சிலிகான் பூசி, உள்ளே பழைய தலையணைப் பஞ்சை ஒட்டினேன். வேண்டுமென்றே மெதுவாகச் செய்தேன். வேலை கஷ்டமில்லை. முடிந்துவிடுமே என்ற பயம். முடிந்தால் ஸ்விட்ச் போட வேண்டும், போட்டால் தெரிந்துவிடும்.

போட்டேன். குழாய் வாயில் நான் பிடித்திருந்த காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது. காற்று வருகிறது. சத்தம்தான் வரவில்லை. அதாவது எனக்கு வரவில்லை. உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்தால் அதிர்ந்தது, எடுத்தால் ஒன்றுமில்லை.

"அம்மாடி, அலமாரி பாத்திரமெல்லாம் ஆடறது! கொஞ்சம் குறையுங்கோ" என்று அவள் உள்ளேயிருந்து கத்தினாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குழாயை உருவி ஒரு அங்குலம் வெட்டினேன். கணக்கு தப்பு, என் காதுதான் சரி என்று சொல்லிக்கொண்டு வெட்டினேன். மறுநாள் இன்னொரு அங்குலம். அதற்கடுத்த நாள் இன்னொன்று. மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைக் குழைத்துப் பூசிக் காதால் சரிபார்க்கிற மாதிரி இதையும் பார்த்துவிடலாம் என்று நினைத்த மடையன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். ஆறு அங்குலத்துக்கு வந்தபோது கீழ்வீட்டு மாமா மாடியேறி வந்தார். அவருக்கு எண்பது வயசு.

"ஏம்ப்பா, பூஜை ரூம்ல மணி தானா ஆடறது. பகவானே அடிச்சுக்கறாரோன்னு பாத்தேன். நீயா?"

"அவ்வளவு சத்தமா வைக்கலையே மாமா."

"வைக்கலையா? நெஞ்சுக்குள்ள குத்தறதேப்பா!"

எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. எண்பது வயசுக் கிழவருக்கு, இடையில் ஒரு தளம் இருந்தும் கேட்கிறது. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற எனக்குக் கேட்கவில்லை. "உங்க காதைப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்கோ மாமா" என்று சொல்லி, அவர் முகத்துக்கு எதிரே கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டுத் தாழ்ப்பாளைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.

மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுக் குழாய் ஒன்று வாங்கி வரச்செய்து, அளவுகோல் வைத்துப் பத்து அங்குலத்தில் தானே அறுத்து, தானே பெட்டிக்குள் செருகினாள்.

அடுத்த ஞாயிறு காலை, காபி குடித்தபின் ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன். அவள் பெட்டிக்குப் பின்னால் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடித் தாளம் போட ஆரம்பித்தேன். இந்தத் தடவை கேட்டே தீரும் என்று ஒரு வெறி.

"ஆஹா! இப்பதான் வழிக்கு வந்திருக்கு. தொப்பி எப்படி விழறது பாத்தியா? கும்முனு!"

கண்ணைத் திறந்தேன். அவள் கையில் சப்வூஃபரின் பிளக். பழைய ஸ்பீக்கர்கள் மட்டும்தான் பாடிக்கொண்டிருந்தன.

"பத்து நிமிஷமா இது என் கையிலதான் இருக்கு" என்றாள்.

"என்னைச் சோதிச்சுப் பாக்கறியா? வெட்கமாயில்லை உனக்கு?" என்று கத்தினேன். கத்தக் கத்தக் குரல் உடைந்தது. சோபாவில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

அவள் பாட்டை நிறுத்தினாள். "எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷமா."

"ஏன் சொல்லலை?"

சொன்னேன். "அம்மாவை நான் என்னவெல்லாம் பேசினேன், நீ பாத்திருக்கே. நீயும் என்னை அப்படிப் பேசுவியோன்னு பயம்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவள் ஏதோ சொன்னாள். தாழ்ந்த குரலில் சொன்னாள். தோள் அசைந்தது தெரிந்தது, வார்த்தை என் காதுக்கு வரவில்லை. வழக்கம்போல 'ம்' கொட்டத்தான் வாய் திறந்தேன்.

"கேட்கலை" என்றேன். "இன்னொரு தரம் சொல்லு."

அவள் வந்து எனக்கு நேரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"பேச மாட்டேன்னு சத்தியமெல்லாம் பண்ண முடியாது. நானும் மனுஷிதானே, ஒரு நாள் எரிச்சல்ல ஏதாவது சொல்லிடுவேன். சொன்னா திருப்பிக் கத்துங்கோ. அம்மா மாதிரி சிரிக்காதீங்கோ."