தொப்பி போட்ட ரோஜா

கத்திரிக்காயை முகர்ந்து பார்த்துவிட்டு யாரும் திருப்பி வைப்பதில்லை. பூக்காரனிடம் மட்டும் ஊரே முகர்ந்துவிட்டுப் போகிறது. நீங்களும் பூ விற்றால் இந்தக் கொடுமை தெரிந்திருக்கும். தங்கச் சுரங்கத்தை மூடினதிலிருந்து நான் ஊரிகம் ஸ்டேஷன் வாசலில் பன்னீர் ரோஜா விற்கிறேன்.

குப்பையிலிருந்து வந்தது

என் அப்பா சுரங்க அதிகாரி பங்களாவில் தோட்ட வேலை செய்தார். வெள்ளைக்காரர்கள் வைத்துவிட்டுப் போன ரோஜாச் செடிகள் அங்கே இருந்தன. கவாத்து செய்து குப்பையில் போட்ட குச்சிகளைக் கொண்டுவந்து எங்கள் லைன் வீட்டுக் குழாயடியில் ஊன்றினார். இன்று நான் விற்பதெல்லாம் அந்தக் குச்சிகளின் வம்சம். முதல் பூ பூத்ததும் அதிகாரி வீட்டம்மா வழியில் நின்று பார்த்தார். வீசியெறிந்த குப்பைக்கும் சொந்தம் கொண்டாடுவார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"இது எங்க ரோஜா ஆச்சே, யாரைக் கேட்டு எடுத்துட்டு வந்தே?"

ஓசி வாசனை

பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ஒருவன், தினமும் காலை ரயிலுக்கு முன் என் கூடையில் ஒரு பூவை எடுத்து முகர்ந்து திரும்ப வைப்பான். வாங்கியதே இல்லை. அவன் கல்யாண நாளன்று பெங்களூரிலிருந்து ஒரு முழக் காம்போடு சிவப்பு ரோஜா வாங்கி வந்தான். ரயிலிலிருந்து இறங்கி, என் எதிரிலேயே அதை முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான். பிறகு என் பக்கம் வந்தான்.

"பெரியப்பா, உங்க பூ ஒண்ணு குடுங்க, இதுமேல தேச்சிக்கினு போறேன்."

ஒரு வாரம் நிற்கிற பூ

எங்கள் புத்த விகாரைக்குப் பௌர்ணமிதோறும் பூ என் கூடையிலிருந்துதான் போகும். அந்த உரிமையையும் வேறொருவர் பறித்துக்கொண்டால் அப்பா ஊன்றிய செடிக்கு என்ன மரியாதை? இந்த வைகாசிப் பௌர்ணமிக்கு விகாரைச் செயலாளர் பெங்களூர் ரோஜாவுக்குக் கடையில் ஆர்டர் கொடுத்துவிட்டார். செயலாளர் வேறு யாரும் இல்லை, என் மச்சான் மணி. இந்தப் பூ வாடுவதுபோல் உடம்பும் வாடும் என்று சொல்லித்தானே நாங்கள் புத்தருக்குப் பூ வைக்கிறோம்? கேட்டேன்.

"உன்னுது மத்தியானத்துக்குள்ள உதுந்துடுது மாமா, அது ஒரு வாரம் நிக்கும்!"

தொப்பி

பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்க்கிற பாலிஹவுஸ் ரோஜா வண்டியில் விரிந்துவிடாமல் இருக்க, மொட்டிலேயே வலைத்தொப்பி மாட்டி அனுப்புவார்கள். அதைக் கழற்ற வேண்டும் என்பது மணிக்குத் தெரியவில்லை. தட்டு நிறைய அப்படியே கொண்டுபோய் வைத்துவிட்டான். எனக்குத் தெரியும். முதல் வரிசையில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பூ வாடுவதைப் பற்றிச் சொல்ல வந்த பிக்கு தட்டைப் பார்த்தார். அவர் அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர்.

"இன்னாபா மணி, எல்லாம் தொப்பி மாட்டிகினு ஷிப்டுக்கு நிக்குதா?"

துடைப்பம்

எல்லோரும் சிரித்தார்கள், மணியைத் தவிர. பிக்கு என்னைப் பார்த்தார். ஓடிப்போய்க் கூடையை எடுத்து வந்தேன். மண்டபம் முழுக்க வாசனை. மத்தியானம் இதழெல்லாம் தரையில் கிடந்தது. மணி ஒரு நன்றி சொல்வான் என்று நின்றேன். மணி துடைப்பத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

"உன் பூதானே மாமா, நீயே கூட்டு."

அடுத்த பௌர்ணமிக்கும் என் பூதான் என்று பிக்கு சொல்லிவிட்டார், ஆனால் மணி கொடுத்த அந்தத் துடைப்பத்தை நான் சாகிறவரை மறக்கப்போவதில்லை.