நாலு விரற்கடைத் தண்ணீர்

எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் என் மனைவியே சிரித்துவிடுவாள். இருபது வருடங்களுக்கு மேலாக அருப்புக்கோட்டையில் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபராக இருக்கிறேன். பள்ளி ஆண்டு விழாவோ கும்பாபிஷேகமோ, முன்வரிசையில் எனக்கென்று ஒரு நாற்காலி கிடக்கும். நான் போய்ச் சேரும்வரை குத்துவிளக்கு ஏற்றாமல் காத்திருந்தவர்களும் உண்டு.

இப்போது அந்த நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரீசார்ஜ் கடை வைத்திருந்தவன். குச்சியில் ஒரு போனை மாட்டிக்கொண்டு உள்ளூர்ச் செய்தி சேனல் நடத்துகிறான். நான் எழுதி அனுப்பியது மறுநாள் காலை ஏழாம் பக்கத்தின் மூலையில் நாலு வரியாக வருவதற்குள் ஊரே அவனைப் பார்த்து முடித்திருக்கும். “அந்தத் தம்பி தெளிவாப் பேசுறாருங்க” என்று என் வீட்டிலேயே சொன்னபோது சோறு இறங்கவில்லை.

போன ஐப்பசியில் விடாமல் மழை பெய்தது. எம்.ரெட்டியபட்டிப் பக்கத்தில் ஒரு கண்மாய் நிறையப் போகிறது என்றார்கள். அது நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் கலுங்கு வழியாக வெளியேறி மறுகால் பாய்ந்து பல வருடங்களாகிவிட்டன. பாய்ந்தால் கலுங்கடியில் பொங்கல் வைத்துக் கிடா வெட்டுவது அந்த ஊர் வழக்கம். எங்கள் வறண்ட பூமியில் இதைவிடப் பெரிய செய்தி கிடையாது.

ஒரு சாயங்காலம் மழையோடு மழையாக டிவிஎஸ்ஸில் போனேன். எனக்கு முன்பே அவன் கலுங்கின்மேல் நின்று பேசிக்கொண்டிருந்தான். “இன்னும் நாலு விரக்கடைதான் பாக்கி. பாஞ்ச ஒடனே நேரலையில காட்டுறோம்.”

வயிறு எரிந்தது. ராத்திரி பாய்ந்தால் அவன் அப்போதே காட்டிவிடுவான். அதற்குள் பேப்பர் அச்சுக்குப் போயிருக்கும்; என் செய்தி மறுநாள் விட்டு அடுத்த நாள்தான் வரும், பழைய சோறாக. பெய்கிற மழைக்கு எப்படியும் பாய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ‘கண்மாய் மறுகால் பாய்ந்தது, விவசாயிகள் மகிழ்ச்சி’ என்று அங்கேயே ஒரு புளியமரத்தடியில் நின்று தட்டி அனுப்பினேன். ஏழு மணிக்கு மழை நின்றுவிட்டது. மதுரை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுச் செய்தியை நிறுத்தியிருக்கலாம். போடவில்லை. ஒரு நாளாவது அவனுக்கு முன்னால் வரவேண்டும் என்றிருந்தது.

வந்தேன். முதன்முறையாக மூன்றாம் பக்கம், மூன்று பத்தி.

காலையில் கலுங்கடிக்குப் போனேன். பூமாலை, பொங்கல் பானை, கிடா சகிதம் முப்பது பேர் நின்றார்கள். தண்ணீர் அதே நாலு விரற்கடை கீழே கிடந்தது.

“நேத்துத் தம்பி போன்ல பாயலன்னுதான் காட்டுச்சு” என்றார் கிடாவைப் பிடித்திருந்தவர். “ஆனா பேப்பர்லயே போட்டுட்டாகளே. அச்சுல வந்தா சரியாத்தான இருக்கும்னு வந்தோம்.”

கண்ணால் கண்டதை ஒதுக்கிவிட்டு நான் எழுதியதை நம்பி வந்திருக்கிறார்கள். அவனிடம் இல்லாத அந்த ஒன்று என்னிடம் இருந்தது. இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அவனும் வந்தான். கூட்டத்தைப் பார்த்தான், என் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தான். போனைக் குச்சியிலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் காதோரம், “இத நான் போடலண்ணே. ஒங்க பேரு கெட்டுரும்” என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பெருந்தன்மை மீதும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

கிடாக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு என்னைத் தாண்டி அவனிடம் போனார்.

“தம்பி, பாஞ்சா நீ சொல்லு. அப்ப வாரோம்.”