இரண்டு கருப்பாயிகள்

எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். அத்தாவுக்குத் தம் ஞாபகசக்தியின் மேல் அபார நம்பிக்கை. பகலில் மதுரைத் தெற்குவெளி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுவார். சாயங்காலம் வீட்டு முன்னறையில் ஹோமியோபதி மருந்து கொடுப்பார். கல்கத்தாவிலிருந்து பார்சலில் வந்த குப்பிகளும் தடித்த புத்தகம் ஒன்றும்தான் வைத்தியசாலை. கடையில் காலணா விடாமல் எழுதுகிறவர், நோயாளிகளைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டார். முகத்தைப் பார்த்தால் எல்லாம் நினைவுக்கு வந்துவிடும் என்பார்.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது. அலங்காநல்லூரிலிருந்து கருப்பாயி என்றொரு பெண் மாட்டுவண்டியில் வந்திருந்தாள். முந்தின மாதம் வாங்கிய மருந்தில் குணம் தெரியவில்லை. அத்தா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "கால் வீக்கம் எப்படி இருக்கு?" என்றார்.

"எனக்குக் காலு வீங்கவே இல்லியே ராவுத்தரய்யா. தலைவலிக்குல்ல மருந்து கேட்டேன்."

கால் வீங்கியவள் கொட்டாம்பட்டிக் கருப்பாயி. அவளுக்கு உரிய மருந்தை இவள் ஒரு மாதமாகத் தின்றிருக்கிறாள். அத்தா என்னவோ சொல்லிச் சமாளித்தார். திரைக்குப் பின்னால் அம்மாவுக்கு எல்லாம் கேட்டது.

அன்று இரவே அம்மா மருந்துப் பெட்டியைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "எழுதாம இனி ஒரு உருண்டை இந்த வீட்டை விட்டு வெளிய போகக்கூடாது" என்றாள்.

அத்தா வாதாடினார், பிறகு பேசாமல் இருந்து பார்த்தார். காகிதத்தைக் கண்டதும் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்றார். ஒன்றிரண்டு பேர் ஓடவும் செய்தார்கள். ஊரும் பேரும் கேட்டதும் இது போலீசுக்குப் போகிற காகிதமா என்று ஒருவர் விசாரித்துவிட்டு எழுந்து போனார். அம்மா அசையவில்லை.

ஆண்கள் சொல்வதை அத்தா எழுதினார். பெண்களை அம்மா உள்ளறையில் உட்காரவைத்து விசாரித்தாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்டவள் அவள். முதலில் 'கருப்பாயி, தலைவலி' என்ற அளவில்தான் எழுதினாள். இதை வைத்து எந்தக் கருப்பாயியைக் கண்டுபிடிப்பது என்று அத்தா சிரித்தார். அம்மாவுக்கு அது நியாயமாகவே பட்டது. அந்தத் தாள்களையெல்லாம் கிழித்துப் போட்டாள். ஆளுக்கொரு தாள் வைத்து, வலி எந்தப் பக்கம், எந்த வேளையில், எது செய்தால் தணிகிறது, தூக்கம் எப்படி, என்ன கனவு வருகிறது என்றெல்லாம் கேட்டு எழுதினாள். எழுதியதை அவர்களிடமே வாசித்துக் காட்டி, சரி என்றால்தான் அத்தாவிடம் கொடுப்பாள். முன்னறையில் "ஒண்ணுமில்லய்யா" என்று முடித்துக்கொண்டவர்கள், உள்ளறையில் நிறுத்தாமல் பேசினார்கள்.

அத்தா அந்தப் பேச்சையெல்லாம் புத்தக வார்த்தைகளாகத் திருத்த வந்தார். அம்மா தாளை விடவில்லை.

"அவ சொன்னது அவ சொன்னபடியே இருக்கட்டும். உங்க பொஸ்தக வார்த்தைய ஓரத்துல எழுதிக்கிடுங்க."

அப்படியே ஆயிற்று. அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒருவர் மருந்து இன்னொருவருக்குப் போனதில்லை.

அலங்காநல்லூர்க் கருப்பாயி மறுபடி வந்த நாளில் நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குனிந்து களை எடுத்தால் மண்டை தெறிக்கிறது, சுவரில் நெற்றியை வைத்தால் கொஞ்சம் சுகம் என்றாள். தூக்கம் எப்படி என்று அம்மா கேட்டாள். கருப்பாயி, காய்ச்சலில் பிள்ளை போனதிலிருந்து தூக்கம் இல்லை என்றும், கண்ணசந்தால் அது தண்ணீர் கேட்கிற சத்தம் வருகிறது என்றும் சொன்னாள். அம்மா ஒரு சொல் விடாமல் எழுதினாள். எழுதி முடித்ததும் வாசித்தாள்.

"இன்னொருக்கா வாசிங்க தாயி."

அம்மா வாசித்தாள். கருப்பாயி மூன்றாவது முறையும் கேட்டாள். எழுத்துக்கூட்டுகிறவள் போல அம்மா மெதுவாக மறுபடி வாசித்தாள். கால் நிமிடம் தாமதித்தாலும் குரல் கொடுக்கிற அத்தா, திரைக்கு வெளியே தாளுக்காகச் சத்தமில்லாமல் நின்றிருந்தார்.

பாவம், தான் சொன்னதையே மறந்துவிட்டாள், தலைவலி அவ்வளவு பொல்லாதது போலிருக்கிறது என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டேன்.