மூடுவதற்கு முன் ஒரு போன்

போன் திரையில் மைமூன் பெயரைப் பார்த்ததும் சந்தோஷமாக எடுத்தேன். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள், இனி என்னைத் திட்ட ஆரம்பிப்பாள் என்று நினைத்தேன். பேசியது அவள் கணவர் காதர். "அண்ணாச்சி, மைமூன் மவுத்தாயிட்டா. காலைல ஏழு மணிக்கு உசிரு போயிருச்சு."

இதைப் படிப்பவர்களில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு அவளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். தென்காசியில், குற்றாலம் சாலையில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்தோம். லாட்ஜ், மண்டி, ஆஸ்பத்திரி என்று பலருடைய டேட்டாபேஸ்களை அந்தக் கம்பெனி கிளவுடில் வைத்துப் பராமரிக்கிறது. டேட்டாபேஸ் மென்பொருளின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு ஆயுள் உண்டு. பழைய பதிப்பில் ஓட்டை விழுந்தால் அடைத்துத் தர ஆள் இல்லை என்றான பிறகு அதை ஓட விட முடியாது. தேதி குறித்து, புதியதற்கு மாறச் சொல்வோம். மாறாதவர்களை அந்தத் தேதியில் நாங்களே மாற்றிவிடுவோம். அப்போது அவர்களுடைய வேலை அப்படியே நின்றுபோனாலும் போகும். அறிவிப்பு அனுப்புவது என் வேலை. பதில் போடாதவர்களைத் தேடிப் பிடிப்பது அவளாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. போன் போடாமல் யாருடையதையும் தொடக் கூடாது என்பாள்.

ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜிலிருந்து பதிலே இல்லை. "அஞ்சு மெயில் போட்டாச்சு. இதுக்கு மேல நாம என்ன செய்ய?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அவள் அசரவில்லை. "மெயில் போய்ச் சேர்ந்துட்டுன்னு உன் மெஷின் சொல்லுதுலே. ஆளு படிச்சான்னு எவன் சொல்லுதான்?" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முணுமுணுத்துக்கொண்டே நானும் போனேன். லாட்ஜ் முதலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்து, "எந்த மெயில்ம்மா?" என்றார். ஐந்து அறிவிப்புகளும், வேலையை விட்டுவிட்டு சவுதிக்குப் போய்விட்ட அவருடைய பழைய மேனேஜருக்குப் போயிருந்தன. நாங்கள் குறித்திருந்த தேதியோ சீசனின் நட்ட நடுவில். "அன்னைக்கு ரூம் புக்கிங் நின்னுட்டுன்னா நான் தலையில துண்டைப் போட்டுக்கிட வேண்டியதுதான்" என்றார். மைமூன் பெங்களூரோடு ஒரு வாரம் சண்டை போட்டு, சாரல் ஓயும்வரை அவருக்குக் கெடுவை நீட்டித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து எனக்கு 'அஞ்சு மெயிலு' என்று பெயர் வைத்துவிட்டாள்.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் லீவு போட்டாள். டெங்கு என்றார்கள். துபாயிலிருந்து காதர் ஓடி வந்தார். இங்கே அந்த வாரம் ஒரு பழைய பதிப்பின் கடைசி வாரம். ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் மத்தியானம் அவள் கூப்பிட்டாள். நான் மீட்டிங்கில் இருந்தேன். துண்டித்துவிட்டு, போனில் தயாராக இருக்கும் 'பிறகு அழைக்கிறேன்' என்ற செய்தியைத் தட்டிவிட்டேன். பிறகு அழைக்கவில்லை. "எப்படி இருக்கே? தைரியமா இரு" என்று அன்று சாயங்காலம் ஒன்று, மறுநாள் இரண்டு செய்திகள் அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் இரண்டு டிக் விழுந்தது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று நிம்மதியாக வேலையைப் பார்த்தேன்.

அடக்கம் முடிந்து பள்ளிவாசலுக்கு வெளியே நின்றபோது காதர் சொன்னார்: "உங்க மெசேஜ் எல்லாம் வந்துச்சு அண்ணாச்சி. போனு எங்கிட்டதான் இருந்துச்சு, அவளால கண்ணைத் திறக்க முடியல. முருகன் கூப்பிட்டானான்னு உங்களைத்தான் ரெண்டு தடவை கேட்டா. மெசேஜ் வந்திருக்குன்னு சொன்னேன். 'அஞ்சு மெயிலு அப்படித்தான்'னு சிரிச்சா." அவர் குறையாகச் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவளுக்கு நாற்பதாம் நாள் ஓதி முடித்த வாரம், அடுத்து மூட வேண்டிய பதிப்பின் பட்டியல் வந்தது. பதில் வராதவர்களில் ஒரு பெயர் மைமூன். தன் உபயோகத்துக்கென்று ஒரு சின்ன டேட்டாபேஸ் வைத்திருந்திருக்கிறாள். ஊரையெல்லாம் மாற்றிவிட்டவள் தன்னுடையதை மாற்றவில்லை. நான் எழுதிய நிரல் அவளுக்கும் ஐந்து மெயில்களை ஒழுங்காக அனுப்பியிருந்தது. கடைசி இரண்டு, அவளை அடக்கம் செய்த பிறகு. ஐந்தும் போய்ச் சேர்ந்ததாகக் காட்டியது.

அவளுடைய எண்ணுக்கே போன் போட்டேன். காதர் எடுத்தார். எப்படியோ திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னேன். "எனக்கு அதெல்லாம் என்ன தெரியும் அண்ணாச்சி? திறந்து பாத்து எது நல்லதோ செய்யுங்க" என்றார். திறந்தேன். உள்ளே எங்கள் வாடிக்கையாளர்களின் போன் எண்களும், ஒவ்வொருவருக்கும் எதிரே அவள் எழுதிய குறிப்பும் இருந்தன. 'புளியங்குடி மண்டி: எலுமிச்சை லோடு ஏத்துத நேரத்துல கூப்பிடாதே, வள்ளுன்னு விழுவாரு.' 'வாசுதேவநல்லூர் ஸ்கேன் சென்டர்: டாக்டரம்மா எடுக்க மாட்டாங்க, ரிசப்ஷன் பிள்ளைட்ட சொல்லு, பக்குவமா சொல்லிரும்.' பட்டியலின் கடைசியில் நான் இருந்தேன். 'முருகன்: கோபக்காரன், கத்துவான். ஆனா கூப்பிட்டா வந்துருவான்.'

அந்தப் பதிப்பை என்னால் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியவில்லை. தேதி வந்தது, மூடினோம். அவளுடைய பட்டியலை நானே புதியதற்கு மாற்றி வைத்திருக்கிறேன். தினமும் நாலு மணிக்கு மேல் அதைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன். எடுத்ததும் பலரும் கேட்பது, "மைமூன் பிள்ளை எங்க?" என்றுதான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பட்டியல்தான். அவள் எழுதியது எதுவும் தப்பில்லை, என்னைப் பற்றி எழுதியதைத் தவிர. அவள் கூப்பிட்டாள். நான் போகவில்லை.