போன் போட்டுக் கேட்டால் தெரியாதது

என் ஆராய்ச்சி என்னவென்று அப்பாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு நுண்துகள்கள், ஒன்று உன்னிடம், ஒன்று என்னிடம். அந்த ஜோடி இன்னின்ன நிலைகளில் ஏதோ ஒன்றில் இருக்கிறது. எது என்று சொல்ல வேண்டும். இரண்டையும் ஓரிடத்தில் வைத்துச் சோதித்தால் உறுதியாகத் தெரிந்துவிடும். நீ ஊரில், நான் மலையில் என்று பிரிந்து நின்றால், எவ்வளவு போன் பேசினாலும் சில நிலைகளை உறுதியாகப் பிரித்தறியவே முடியாது. துகள்களுக்குள் பிணைப்பு என்று ஒன்றும் இல்லாவிட்டால்கூட அப்படித்தான். அவரவர் பங்கைத் தனியாகத் தொட்டுச் சோதித்தாலே அந்த நிலை கெட்டுப்போகும்.

அப்பா மூங்கில்துறைப்பட்டில் கரும்பு போட்டவர். நான் மலைமேல் கரியாலூரில் பிசிக்ஸ் டீச்சர், ஆராய்ச்சி பகுதிநேரமாக. லீவுக்கு இறங்கும்போதெல்லாம் செருப்பு, கரும்புத் துண்டு என்று எதையாவது வைத்துக் காட்டுவேன்.

"உங்கிட்ட எடது காலு செருப்பு, எங்கிட்ட வலது. போன் போட்டு கேட்டா தெரிஞ்சிடப் போவுது. இதுக்கு இன்னாத்துக்கும்மா இம்மாம் படிப்பு?"

"உனக்கு எதச் சொன்னாலும் நக்கலுதான்ப்பா!" என்று கத்துவேன். கோளாறு என் செருப்பு உதாரணத்தில்தான். கையில் எடுத்துக் காட்டக்கூடிய எந்தப் பொருளும் அப்படி நடந்துகொள்ளாது. ஆனாலும் அவருக்கு ஒருநாள் புரியவைத்தே தீருவேன் என்று எனக்கு வீம்பு. அவர் ஒருவர் தலையாட்டினால் போதும் என்றிருந்தது.

போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம். மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுபோயிருந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி கூப்பிட்டான்.

"பேச்சு வரலக்கா. கண்ணு தொறந்துகினுதான் இருக்காரு."

"என்னை ஞாபகம் இருக்கான்னு கேளுடா."

"கேட்டேன். கண்ண மூடிக்கினாரு. ஆமான்றாரா, அசதியான்னு தெரியல. திருப்பிக் கேட்டா மூஞ்சத் திருப்பிக்கிறாரு."

போனை அவர் காதில் வைக்கச் சொன்னேன். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. ஐயோ, இதுதான்ப்பா நான் சொன்னது என்று வாய்வரை வந்தது. இத்தனை வருடம் தேடிய உதாரணம் கிடைத்துவிட்டது, சொல்லத்தான் ஆளில்லை.

பாதை திறந்ததும் இறங்கி ஓடினேன். ஓரிடத்தில் சேர்ந்தால் தெரிந்துவிடும் என்பதுதானே கணக்கு. கையைப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு நேராகக் குனிந்தேன். பார்த்தார். என்னைப் பார்த்தாரா, எனக்கு மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தாரா, தெரியவில்லை.

"போன் போட்டு கேட்டா தெரிஞ்சிடுமாப்பா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.